ஒரு பற்றுச்சீட்டு நிறுத்திய தராசு

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் லொறித் தராசுக்கு நான் எழுதிய மென்பொருள் சேவை, இந்தப் பெரும்போகத்தோடு மூன்று ஆண்டுகளை முடித்திருக்கிறது. முதல் ஆண்டு த்ரெட், அதாவது ஓடும் ஒரே நிரலுக்குள் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு வேலைசெய்யும் இழைகள். அதன் பிறகு தனித்தனி புரொசெஸ், அதாவது தனக்கென நினைவகத்தோடு தனியாக ஓடும் நிரல்கள்.

முதல் வடிவத்தில் ஒரே புரொசெஸுக்குள் மூன்று த்ரெட். ஒன்று சீரியல் கேபிளில் வரும் நிறையை வாசிக்கும். ஒன்று பற்றுச்சீட்டு அச்சடிக்கும். மற்றது விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். நிறையைப் பொதுவான ஓரிடத்தில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் அதைத் தொடும்படி ஒரு பூட்டும் போட்டால் வேலை முடிந்தது. எழுதுவதற்குச் சுகம். 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிகூட அலுங்காமல் ஓடியது.

அறுவடை உச்சத்தில் ஒருநாள், லொறி தராசில் நிற்கும்போதே திரையில் எண் உறைந்துவிட்டது. "தம்பி, தராசு செத்துப்போய்விட்டது" என்று கணக்கப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்ச் சேரும்வரை வாசலில் லொறிகள் வரிசையாக நின்றன. தராசுக்கு ஒன்றுமில்லை. தமிழ் எழுத்துகளைக் கோத்து அச்சுக்குக் கொடுக்கும் சி மொழி லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று, ஒரு விவசாயியின் பெயரில் இடறி, தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருந்தது. அந்தத் தவறுக்கு இயங்குதளமான லினக்ஸ் ஒரு த்ரெட்டை மட்டும் தண்டிப்பதில்லை. முழு புரொசெஸையும் கொன்றுவிடும்.

பிரிக்க இறங்கியபோது இன்னொரு மடத்தனம் செய்தேன். த்ரெட்டுகள் ஓடிக்கொண்டிருந்த நிரலுக்குள்ளேயே, புரொசெஸை நகலெடுத்துப் பிள்ளைப் புரொசெஸ் ஒன்றை உண்டாக்கும் ஃபோர்க்கைப் போட்டேன். அழைத்த த்ரெட் மட்டுமே பிள்ளைப் புரொசெஸுக்குப் போகும். வேறொரு த்ரெட் பிடித்திருந்த பூட்டு அங்கே திறக்க ஆளின்றிப் பூட்டியே கிடக்கும். இரண்டு இரவு போனது. கடைசியில் மூன்று தனி நிரல்களாக்கி, சேவைகளைத் தொடக்கி, விழுந்தால் மறுபடி எழுப்பும் லினக்ஸின் சிஸ்டம்-டியிடம் ஒப்படைத்து, நடுவில் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில், செய்யவேண்டிய வேலைகளுக்கு ஒரு வரிசை வைத்தேன்.

அதே பெயர் மறுபடி வந்தது. அச்சுப் புரொசெஸ் விழுந்தது, சிஸ்டம்-டி எழுப்பியது, அது வரிசையின் தலையில் இருந்த அதே சீட்டை எடுத்து மறுபடி விழுந்தது. இயல்பான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை தொடக்கிப் பார்த்தபின் சிஸ்டம்-டி கைவிட்டுவிடும். ஆனால் தராசு நிற்கவில்லை. கணக்கப்பிள்ளை சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார். இப்போது அச்சடிக்குமுன் முயற்சியின் எண்ணிக்கையைக் குறித்துவைக்கிறேன். இரண்டு தடவை விழுத்திய சீட்டு ஒதுக்கப்படும்.

புரொசெஸ் என்ற பெயரே காப்பு என்று நம்பவேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் புரொசெஸ் வைத்திருக்கிறது. ஆனாலும் அவற்றிடையே பொது நினைவகம் இருப்பதால், ஒன்று மோசமாக விழுந்தால் மற்ற இணைப்புகளையும் அறுத்துவிட்டுத்தான் மீண்டெழும். அதனால் நிறையைப் பொது நினைவகத்தில் வைக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

குறுஞ்செய்திச் சேவைக்குள் மட்டும் இன்னும் நான்கு த்ரெட் இருக்கின்றன. வலையமைப்புக்காகக் காத்திருப்பதே அவற்றின் வேலை. அதற்கு நான்கு புரொசெஸ் வீண்.

அந்த லைப்ரரியின் பிழை இன்னும் திருத்தப்படவில்லை. அந்த விவசாயி வந்தால் கணக்கப்பிள்ளை திரையைப் பார்க்காமலே பேனாவை எடுத்துவிடுகிறார்.