மை நெக்ஸ்ட் மூவ் ஆர்வத் தேர்வு: “தெரியலை மாமா” என்பதுதான் லாபம்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இலவசம். பதிவு செய்யச் சொல்லாது, போன் நம்பர் கேட்காது, மறுநாள் காலையில் யாரும் கூப்பிட்டு அட்மிஷன் பற்றிப் பேசமாட்டார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் ‘மை நெக்ஸ்ட் மூவ்’ தளத்தில் ‘இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர்’ என்று, எந்த மாதிரி வேலைகளில் ஆர்வம் இருக்கிறது என்று காட்டும் ஒரு தேர்வு இருக்கிறது. 15 வயது அக்கா மகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

மொத்தம் 60 வரிகள். ஒவ்வொன்றும் ஒரு வேலை: செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது, புது மருந்து உருவாக்குவது, நாடகம் எழுதுவது, படிவங்களில் பிழை பார்ப்பது. துளியும் பிடிக்காது என்பதிலிருந்து ரொம்பப் பிடிக்கும் என்பதுவரை ஐந்து முகங்கள், அதில் ஒன்றைத் தொட வேண்டும். அதற்கான படிப்பு உண்டா, சம்பளம் எவ்வளவு என்று யோசிக்காமல் பதில் சொல்லச் சொல்கிறார்கள். பெரியவர்கள் பேச்சை ஆரம்பிப்பதே அந்த இரண்டில்தான் என்பதால் இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

நடுவில் இருக்கும் முகத்துக்கு ‘நிச்சயமில்லை’ என்று பொருள். அவள் அதையே தொட்டுக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டால், “ஸ்டாக்குன்னா என்ன, பாண்டுன்னா என்னன்னே தெரியலை மாமா. அதை வாங்கி விக்கிறது பிடிக்குமான்னு கேட்டா?” நியாயம்தானே! பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் நின்று, அந்த வேலைக்காரர் காலையிலிருந்து என்ன செய்வார் என்று பேசியதில் மாலைப்பொழுதே போய்விட்டது. இந்தத் தேர்வில் உருப்படியான பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கடைசியில் வரும் பட்டியல் அதற்கு அடுத்ததுதான்.

முடிவு ஆறு வகையாக வரும். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கொள்கையிலிருந்து வளர்ந்த பிரிவுகள் இவை: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, வியாபாரம், ஒழுங்குமுறையான அலுவலக வேலை. ஒவ்வொன்றுக்கும் 40-க்கு இவ்வளவு என்று எண் போடுகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் பரீட்சை ஞாபகம் வந்து, “கலையில கம்மியா வாங்கிட்டேன்” என்று அவள் முகம் சுருங்கியது. இது விருப்பத்தை மட்டுமே காட்டும், திறமையை அல்ல. அதைத் தேர்வு தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பிறகு, எவ்வளவு காலம் படித்துப் பயிற்சி பெறத் தயார் என்று ஐந்து நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்கேற்ற தொழில்கள் வரும். டாக்டர், டீச்சர் தாண்டி அவள் கேள்விப்படாத பெயர்கள் வந்தன. ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், என்ற பக்கத்தைத் திறந்தாள். அங்கே அன்றாட வேலைகள், தேவையான அறிவு, பயன்படுத்தும் மென்பொருள் எல்லாம் ஒரே பக்கத்தில் சுருக்கமாக இருக்கின்றன. “நாள் முழுக்கக் கத்திப் பேசணுமா மாமா?” என்று கேட்டாள். இதைக் கேட்கவேண்டியது அந்த வேலையில் இருப்பவரிடம். அன்றாட வேலைகள் பகுதியை வைத்தே அவரிடம் கேட்கக் கேள்விகள் எழுதிக்கொண்டாள்.

குறை என்றால், சம்பளம், வேலைவாய்ப்பு, படிப்புத் தகுதி மூன்றும் அமெரிக்கக் கணக்கு. அங்கே ஆடியாலஜிஸ்ட் ஆக முனைவர் நிலைப் பட்டம் வேண்டும்; கனடாவில் முதுநிலைப் பட்டம் போதும். அந்தப் பகுதிகளை அப்படியே நம்பாமல் அவரவர் நாட்டில் விசாரிக்க வேண்டும். தமிழிலும் கிடையாது, ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான்.

கைரேகையை ஸ்கேன் செய்து ‘உங்கள் பிள்ளை பிறவி மேலாளர்’ என்று வண்ண அறிக்கை தரும் கடைகளோடு இதை ஒப்பிடவே மாட்டேன். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. இங்கே பிள்ளை சொன்னதைத்தான் அடுக்கிக் காட்டுகிறார்கள்.

என்ன ஆக வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்து, அந்த வேலையை நேரிலும் பார்த்துவிட்ட பிள்ளைக்கு இது தேவையில்லை. மற்றவர்கள் ஆறு எண்களையும் குறித்துவைத்து, அடுத்த வருடம் மறுபடி போட்டுப் பார்க்கலாம். பெற்றோர் பக்கத்தில் இருந்து அர்த்தம் சொல்லுங்கள். முகத்தைத் தொடும் நேரத்தில் மட்டும் வேறு பக்கம் பாருங்கள். உங்கள் புருவம் உயர்ந்தால் பதில் மாறிவிடும்.