அந்தரங்க இடத்தில் ரத்தக்கட்டா? சூடாக எண்ணெய் தேய்க்கச் சொல்பவர்களிடம் சிக்காதீர்கள்

விதைப்பையிலோ ஆண்குறியிலோ அடிபட்டுக் கன்றிப்போனால், ‘ஆண்களுக்கான ரகசிய சிகிச்சை’ என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். அப்படி ஓர் இடத்தில் என்னிடம் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு, சின்னக் காயத்தைப் பெரிதாக்கியும் அனுப்பினார்கள்.

சைக்கிளில் பெடல் வழுக்கி, நடுக்கம்பியில் இடித்துக்கொண்டதுதான் ஆரம்பம். வலி அன்றே குறைந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் விதைப்பையின் ஒரு பக்கம் கருநீலமாக இருந்தது. யாரிடம் காட்டுவது என்று கூச்சம். பெயர் வெளியே தெரியாது என்று எழுதியிருந்த இடத்துக்குப் போனேன்.

வெள்ளை கோட் போட்டிருந்தவர் எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எப்படி அடிபட்டது என்று கேட்கவில்லை. சிறுநீர் சரியாகப் போகிறதா, அதில் ரத்தம் தெரிகிறதா என்று கேட்கவில்லை. கையுறை போட்டுத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ரத்தம் கெட்டுப்போய் நரம்பில் அடைத்திருக்கிறது, இப்படியே விட்டால் தாம்பத்தியத்துக்கே லாயக்கில்லாமல் போய்விடும்” என்றார். ஓர் எண்ணெய், ஒரு டப்பா கேப்சூல். எண்ணெயைச் சூடு பண்ணி, காலையும் இரவும் அழுத்தித் தேய்க்க வேண்டுமாம்.

தேய்த்ததில் வீக்கம் கூடியது. கருநீலம் தொடை இடுக்கு வரை பரவியது. நடக்கும்போது துணி பட்டாலே வலித்தது.

அப்புறம்தான் யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்பு சம்பந்தப்பட்ட) டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதெல்லாம் கேள்விகள்தான். கையுறை போட்டு இரண்டு விதைகளையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். விதை கிழியவில்லை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். “எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள்” என்றார்.

அவர் விளக்கியதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு எண்ணெய் விற்றவர் இதில் ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. அடிபட்டால் தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசியும். விதைப்பையின் தோல் மெல்லியது, தளர்வானது. அதனால் கசிந்த கொஞ்ச ரத்தமே நிறைய இடத்துக்குப் பரவி, பார்ப்பதற்குப் பயங்கரமாகத் தெரியும். கருநீலம் பச்சையாகி, மஞ்சளாகி, பெரும்பாலும் 2 வாரத்தில் தானாகவே மறைந்துவிடும். இது பால்வினை நோயும் இல்லை, ரத்தம் கெட்டதும் இல்லை. புதிதாக அடிபட்ட இடத்தில் சூடு வைத்தால் ரத்தக்குழாய் விரிந்து கசிவு கூடும், அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொண்டிருக்கும் குழாய் மறுபடி உடையும். என் வீக்கம் பெருத்ததற்கு இதுதான் காரணம்.

உண்மையில் தேவைப்பட்டது ரொம்பக் கொஞ்சம். முதல் 2 நாள் ஐஸைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. படுக்கும்போது ஒரு துண்டைச் சுருட்டி விதைப்பைக்கு அடியில் வைத்துச் சற்று உயர்த்திக்கொள்வது. தாங்கிப் பிடிக்கும்படியான, ஆனால் இறுக்காத உள்ளாடை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியது என்பதால் வலிக்காக அதைத் தேட வேண்டாம். இதயத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்திவிடாமல் அவரிடமே கேளுங்கள். வலி போகும்வரை சைக்கிள், பளு தூக்குதல், தாம்பத்தியம் மூன்றுக்கும் விடுப்பு.

கேப்சூல் டப்பாவையும் டாக்டரிடம் காட்டினேன். ‘மூலிகைகள்’ என்று ஒரே சொல், எந்த மூலிகை என்று இல்லை. மூலிகை என்று சொல்லி விற்கும் ஆண்மை மாத்திரைகள் பலவற்றில் லேபிளில் போடாமலே சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவர் அது தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். என் கையில் இருந்ததில் என்ன இருந்ததோ, யாருக்குத் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். ரசீது கேட்டேன், தரவில்லை. சத்தம் உயர்ந்ததும் அங்கிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “வெளியே சொன்னால் உங்களுக்குத்தானே சார் அசிங்கம்.” அவர்கள் தொழில் ஓடுவதே இந்தக் கூச்சத்தை வைத்துத்தான். இதை எழுத உட்கார்ந்ததும் அந்த ஒரு வார்த்தையால்தான்.

எனக்கு நடந்தது சின்னக் காயம். ஆனால் இப்படி ஓர் இடத்துக்குப் போய் நேரத்தை இழந்தால் உறுப்பையே இழக்கக்கூடிய நிலைகளும் உண்டு. திடீரென்று விதையில் தாங்க முடியாத வலியும் குமட்டலும் வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விறைத்த நிலையில் குறி மடங்கி, ‘டக்’கென்று சத்தம் கேட்டு, விறைப்பு உடனே அடங்கி, கருத்து வீங்கினால் உள்ளே உறை கிழிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீரில் ரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பது, வீக்கம் ஏறிக்கொண்டே போவது, காய்ச்சலோடு கருமை படர்வது, எல்லாமே அன்றே போக வேண்டியவை.

அடியே படாமல் கன்றியிருந்தாலும், நிறம் மறைந்த பிறகும் விதையில் கட்டி ஒன்று தட்டுப்பட்டாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

அந்த இடத்திலிருந்து ‘அடுத்த மாத மருந்து’ என்று வேறு வேறு எண்களில் இன்னமும் அழைக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி அழைப்பு வந்தால், பேசுகிறவரின் மருத்துவப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.