90 மீட்டர் ஏணியா, சந்து முனை வரைக்கும் வர்ற சின்ன வண்டியா?

பெங்களூருல ஃபயர் சர்வீஸ் மாநில அரசு கையில இருக்கு, மும்பையில அப்படி இல்ல, இங்க அது மாநகராட்சியோட டிபார்ட்மென்ட். வண்டி வாங்கறது, ஸ்டேஷன் கட்டறது, பழசைக் கழிக்கறது எல்லாத்துக்கும் பெரிய தொகைன்னா பிஎம்சி, அதாவது மும்பை மாநகராட்சியோட ஸ்டாண்டிங் கமிட்டிதான் (செலவுக்கு ஒப்புதல் தர்ற கவுன்சிலர்கள் குழு) கையெழுத்து போடணும். மாநகராட்சியோட 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய், அதனால காசில்லன்னு யாரும் சொல்ல முடியாது, எதுக்கு முதல்ல கொடுக்கறதுங்கறதுதான் விஷயம். என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான், 101-க்கு போன் போட்டதுல இருந்து நெருப்பு மேல தண்ணி விழற வரைக்கும் ஆகற நிமிஷத்தை அந்தக் காசு குறைக்குதா?

முதல்ல ஏணி. ஃபின்லாந்து பிரான்டோ கம்பெனியோட 90 மீட்டர் ஏணி மும்பைகிட்ட ஏற்கனவே இருக்கு, 90 மீட்டர்னா சுமாரா 30 மாடி. கேக்கவே கம்பீரமா இருக்கு, ஆனா அந்த ஏணி வண்டி நிக்கறதுக்கு இடம் வேணும், ரெண்டு பக்கமும் இரும்புக் காலை நீட்டி ஊன்றினாத்தான் ஏணி மேல போகும், கீழ தரை அந்த எடையைத் தாங்கணும், நம்ம ஹவுசிங் சொசைட்டி காம்பவுண்டுல ரெண்டு வரிசை கார் நிக்குது, போடியம் பார்க்கிங் (கீழ் மாடிகள்ல அகலமா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற கார் நிறுத்தம்) வச்ச டவர்ல சுவர்கிட்டயே போக முடியாது. 2021 அக்டோபர்ல கர்ரி ரோடு பக்கம் அவிக்னா பார்க்ல தீப்பிடிச்சது 19-வது மாடியில, அந்த பில்டிங் சுமார் 60 மாடி. அந்த உச்சிக்கு எந்த ஏணியும் எட்டாது, அங்க காப்பாத்தறது உள்ள இருக்கற வெட் ரைசர் (எல்லா மாடிக்கும் எப்பவும் தண்ணி நிரம்பி நிக்கற குழாய்), ஸ்பிரிங்க்ளர், பம்ப் ரூம். அதுக்கு செலவு பண்ண வேண்டியது பில்டரும் சொசைட்டியும், மாநகராட்சி பண்ண வேண்டியது ஒழுங்கா செக் பண்றது.

ஏணியே வேணாம்னு நான் சொல்லல. 2019 ஜூலையில பாந்த்ராவுல எம்டிஎன்எல் டெலிபோன் கம்பெனி பில்டிங்ல 80 பேருக்கு மேல ஏணி வச்சுத்தான் இறக்கினாங்க. ஆனா அது 9 மாடி, அந்த உயரத்துக்கு நடுத்தர ஏணி போதும், அந்த மாதிரி ஏணி நாலு மூலையிலயும் இருந்தாத்தான் சீக்கிரம் வந்து சேரும்.

இப்ப சின்ன வண்டிக்கு வருவோம். தாராவியில 13-வது காம்பவுண்ட் பக்கம் போய்ப் பாருங்க, பிளாஸ்டிக் மூட்டை, அட்டை, பழைய டப்பா, மேல தகரக் கூரை, நடுவுல ரெண்டு பேர் ஒதுங்கித்தான் போகணும். பெரிய வண்டி மெயின் ரோட்டுலயே நின்னுடும், அங்கிருந்து ஹோஸை ஒண்ணோட ஒண்ணு கோர்த்து, தோள்ல போட்டு இழுத்துட்டு ஓடணும், வழியில பைக், தண்ணி டிரம், இட்லி அண்டா, எல்லாத்தையும் தாண்டி. சின்ன வண்டி சந்து முனை வரைக்கும் வந்துடும், மிஞ்சற அந்த நிமிஷத்துலதான் பக்கத்து கோலிக்கு, அதாவது பக்கத்து ஒத்தை ரூம் வீட்டுக்குப் பரவுமா இல்லையான்னு முடிவாகுது, கேஸ் சிலிண்டர் இல்லாத கோலி எது சொல்லுங்க?

ஆனா அதோட குறையையும் சொல்லணும். அதுல இருக்கற தண்ணி சில நூறு லிட்டர்தான், முழு ஹோஸைத் திறந்து விட்டா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல காலி. மும்பையில வெள்ளைக்காரன் காலத்து ஹைட்ரண்ட்ல (ஃபயர் வண்டிக்குத் தண்ணி பிடிக்கற தெருக் குழாய்) பெரும்பாலானது செத்துப் போச்சு, அதனால பின்னாடியே ஜம்போ டேங்கர் வந்தாகணும். சின்ன வண்டிய மட்டும் சாங்ஷன் பண்ணிட்டு டேங்கரை அடுத்த வருஷம் பார்க்கலாம்னா அது அரைகுறை, ரெண்டும் ஜோடியா ஒரே ஃபைல்ல வரணும்.

பழைய வண்டிய ரிப்பேர் பண்ணி ஓட்டலாமேன்னு ஒரு யோசனை எப்பவும் வரும். 2023 ஏப்ரல் 1-ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளோட ரெஜிஸ்ட்ரேஷன் ரத்துன்னு மத்திய அரசு விதி, மாநகராட்சி வண்டியும் அதுல வருது, அதனால பெருசா யோசிக்க ஒண்ணுமில்ல. கமிட்டி கவனிக்க வேண்டியது இன்னொண்ணு: ஃபயர் வண்டியோட கிலோமீட்டரைப் பார்த்து கணக்கு போடாதீங்க. அது நின்ன இடத்துலயே மணிக்கணக்கா பம்ப் ஓட்டுது, இன்ஜின் தேய்மானம் மீட்டர்ல தெரியாது, ஓடின மணி நேரத்தைக் கேளுங்க.

கடைசியா நிலம், எனக்கு ரொம்ப கவலையா இருக்கற விஷயம் இதுதான். பழைய ஸ்டேஷன் இருக்கறதெல்லாம் தங்கமான இடம், பில்டர்கிட்ட கொடுத்தா புது ஸ்டேஷனை இலவசமா கட்டித் தருவான், மாநகராட்சிக்கு ஒரு பைசா செலவில்ல. சொந்தமா கட்டினா பணமும் போகும், டெண்டர்னு வருஷமும் போகும். பேப்பர்ல பில்டர் வழிதான் ஜெயிக்கும். ஆனா மேல 40 மாடி வந்து, கீழ ஸ்டேஷன் இருந்து, வண்டி வெளிய போற வாசல்லயே குடியிருக்கறவங்க காரும் வந்தா என்ன ஆகும்? டிரில் பண்ண முற்றம், ஹோஸ் காய வைக்க இடம், தண்ணித் தொட்டி எல்லாம் வரைபடத்துல சுருங்கிக்கிட்டே போகும். குவார்ட்டர்ஸும் அதே கதைதான், ஸ்டேஷன் வளாகத்துலயே ஃபயர்மேன் குடும்பம் இருந்தா பெரிய தீ வரும்போது டியூட்டி முடிஞ்சவனும் அஞ்சு நிமிஷத்துல பூட்ஸ் போட்டு நிப்பான், அவன் ஊருக்கு வெளிய தள்ளி விரார்லயும் பத்லாபூர்லயும் இருந்தா லோக்கல் ட்ரெயின் புடிச்சு வரணும்.

அதனால என் வரிசை இது: சின்ன வண்டியும் டேங்கரும் முதல்ல, குவார்ட்டர்ஸோட ஸ்டேஷனை மாநகராட்சியே கட்டறது ரெண்டாவது, அப்புறம் நடுத்தர ஏணி, இன்னொரு 90 மீட்டர் கடைசி. தாராவி ரீடெவலப்மென்ட்ல டவர் எழும்பப் போகுது, ஏணி வேணும்னு நாளைக்கு நம்ம ஆளுங்களே கேப்பாங்க, தப்பில்ல. ஆனா அந்த பிளான்ல ஃபயர் ஸ்டேஷனுக்குத் தனி மனையும், மெயின் ரோட்டுக்கு நேர் வாசலும் போட்டிருக்கான்னு உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட இப்பவே எழுத்துல கேட்டு வாங்குங்க, கட்டி முடிச்சப்புறம் அந்த நிலம் கிடைக்காது.