சாலைத் தகராறில் போலீஸ் கை வைத்தால்: வேலூரில் எந்தப் புகார் வழி உதவும், எது நாளைக் கடத்தும்

கிரீன் சர்க்கிளில் பஸ் உரசும், காட்பாடி ரோட்டில் ஆட்டோ குறுக்கே பாயும், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் பைக் வரும். வாய்த்தகராறு அங்கே முடிந்தால் நல்லது. முடியாமல் போலீஸ் உள்ளே வரும்போதுதான் சிக்கல். விலக்கிவிட வந்தவரே ஒரு தரப்பை அறைவது ஒரு வகை. மஃப்டியில் சொந்த வண்டியில் வந்த போலீஸ்காரரே எதிர்த்தரப்பாக இருப்பது இன்னொரு வகை. வாகனச் சோதனையில் சாவியைப் பிடுங்கி, கேள்வி கேட்டவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது மூன்றாவது. சாவியைப் பிடுங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை.

இதற்கெல்லாம் புகார் கொடுக்க அரசு வைத்திருக்கும் வழிகள் ஏழெட்டு இருக்கின்றன. வேலூர்க்காரர் ஒருவர் எதில் போனால் காரியம் நடக்கும் என்பதே இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் 24 மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் எழுதப்படும் ஏ.ஆர். பதிவு சரியாக இருந்தால் மற்ற வழிகளுக்கு உயிர் உண்டு. அது தப்பாகிவிட்டால் பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் தடுமாற்றம்தான்.

ஏ.ஆர். என்றால் விபத்துப் பதிவேடு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கேஷுவாலிட்டியிலோ, ஊருக்குள் பென்ட்லேண்ட் ஆஸ்பத்திரியிலோ, குடியாத்தத்தில் அரசு ஆஸ்பத்திரியிலோ டாக்டர் முதலில் கேட்பது "எப்படி ஆச்சு?" என்பதுதான். நீங்கள் சொல்லும் பதிலை அவர் ஆங்கிலத்தில் ஒரே வரியில் எழுதுவார்: "அலெஜ்டு டு ஹேவ் பீன் அசால்டட் பை...", அதாவது இன்னாரால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார் என்று. யார், எத்தனை பேர், கையாலா லத்தியாலா, எந்த இடம், எத்தனை மணி, எல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்தாக வேண்டும். பயத்தில் பலர் "வண்டியிலிருந்து விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். கூட வந்த போலீஸ்காரரே அப்படிச் சொல்லி எழுதவைப்பதும் உண்டு. ஆறு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் முதலில் காட்டப்படும் காகிதம் அதுதான். "போலீஸார் இரண்டு பேர், கையாலும் லத்தியாலும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் "அடையாளம் காட்ட முடியும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஏ.ஆர். நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

கன்னத்தில் அறை வாங்கியவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. பலமான அறையில் செவிப்பறை கிழியலாம். வெளியே காயம் தெரியாது, காது அடைத்தது போல மட்டும் இருக்கும். அன்றே, இல்லாவிட்டால் மறுநாளாவது, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். லத்தித் தழும்பு அடித்த அன்றைவிட மறுநாள்தான் நன்றாகக் கன்றித் தெரியும். அதனால் இரண்டு நாளும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, ஒரு படமாவது முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி. கைதாகிவிட்டவருக்கு பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 53-ஆம் பிரிவின்படி டாக்டர் பரிசோதனை உண்டு. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடம் "அடித்தார்கள்" என்று வாய்விட்டுச் சொன்னால் அவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு சொன்னால் அதன் எடை பாதியாகிவிடும்.

100 அல்லது 112. நியாயம் கிடைக்க அல்ல, நேரம் பதிவாக இந்த எண்கள் நல்லவை. அழைப்பு கண்ட்ரோல் ரூமில் பதிவாகிவிடும். தகராறு நடக்கும்போதே அழைத்து, இடத்தையும் வண்டி நம்பரையும் சொல்லிவிட்டால், "இவர் பிறகு யோசித்துக் கதை கட்டினார்" என்று யாரும் சொல்ல முடியாது. அரசு வண்டி என்றால் நம்பரில் 'ஜி' இருக்கும். அடித்தவர் பெயர் தெரியவில்லை என்றால் வண்டி நம்பர், தோளில் எத்தனை நட்சத்திரம், கையில் எத்தனை பட்டை, இவை போதும். அந்த நேரத்து டூட்டி யாருடையது என்பது ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும்.

அடுத்தது அதே ஸ்டேஷனில் புகார். பெரும்பாலும் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, மட்டுமே. அதையும் வாங்காமல் வராதீர்கள். ரசீதில் நம்பர், தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "அறைந்தார்" என்று மட்டும் எழுதினால் அது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 115(2), சாதாரணக் காயம். கோர்ட் அனுமதி இல்லாமல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாத பிரிவு. அதைச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழிமறித்து நிறுத்தியிருந்தால் 126(2), பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியிருந்தால் 296. இந்த இரண்டும் கோர்ட் அனுமதி இல்லாமலே போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய பிரிவுகள், அப்படிப்பட்ட குற்றங்களில் போட்டே ஆக வேண்டும் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். எப்படி நிறுத்தினார், என்ன வார்த்தை சொன்னார், பிறகு எங்கே அடித்தார். திட்டிய வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், "தகாத வார்த்தை" என்று நாகரிகமாக எழுதினால் பிரிவு நிற்காது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. அதில் முதற்கட்ட விசாரணை என்று இழுத்தடிக்க 18-ஏ பிரிவு இடம் தரவில்லை, விசாரிப்பவரும் டி.எஸ்.பி.யாக இருக்க வேண்டும்.

அதே ஸ்டேஷன் உங்கள்மேல் திருப்பிப் போடக்கூடியது பி.என்.எஸ். 132: அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது. ஜாமீன் இல்லாத பிரிவு, இரண்டு வருடம் வரை தண்டனை. இதைக் காட்டித்தான் "சமாதானமாப் போயிடுங்க" என்று எழுதி வாங்குவார்கள். ஆனால் மஃப்டியில், சொந்த பைக்கில், தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர் பார்க்கிங்குக்குச் சண்டை போட்டால் அது பணி ஆகாது. அவருக்கு 132 பொருந்தாது. அவர்மேல் வழக்கு நடத்த பி.என்.எஸ்.எஸ். 218-ஆம் பிரிவின்படி அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற வாதமும் நிற்காது. அதனால் புகாரில் "அவர் அப்போது சீருடையில் இல்லை, சொந்த வண்டியில் வந்தார், தான் போலீஸ் என்று சொன்ன பிறகே தெரிந்தது" என்ற மூன்று விஷயமும், உண்மையாக இருந்தால், கட்டாயம் இடம்பெற வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம், சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். நிலையைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது. கொடுப்பதற்கு மட்டும் இதை நம்பாதீர்கள், அது மறுபடி அதே ஸ்டேஷனுக்குத்தான் இறங்குகிறது.

ஸ்டேஷனுக்குள் அடி விழுந்திருந்தால் கேமரா பதிவுதான் உயிர்நாடி. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், நடைபாதை, இன்ஸ்பெக்டர் அறை உட்பட ஒலியோடு சேர்ந்து பதிவாகும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நடந்த வாரத்துக்குள் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு தனிக் கடிதம் போடுங்கள்: "இந்தத் தேதி, இந்த மணி முதல் இந்த மணி வரை உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்." கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. மனுவும் போடலாம். கடைக் கேமராவுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது, ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழையது மேலேயே புதியது ஏறும். அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

உங்கள் காரில் டாஷ்கேம் இருந்தால் மூன்று விஷயம். ஒலிப்பதிவு அணைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், படம் இருந்து பேச்சு இல்லாவிட்டால் யார் முதலில் திட்டினார் என்பது தெரியாது. சம்பவம் முடிந்ததும் கார்டைக் கழற்றிவிடுங்கள். அசல் கார்டைத் தொடாமல் வைத்து நகலை மட்டும் பயன்படுத்துங்கள். கோர்ட்டுக்குப் போகும்போது பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேண்டும். அதில் ஏ பகுதி உங்களுடையது, பி பகுதி நிபுணருடையது, ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீடு) எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், அதன் ஹாஷ் அசலோடு ஒத்துப்போகாது.

1100, முதல்வரின் முகவரி. மனு நம்பர் எஸ்.எம்.எஸ்.ஸில் உடனே வரும், அதோடு இதன் நல்ல பக்கம் முடிந்தது. மனு எஸ்.பி. ஆபீஸுக்கு வந்து, டி.எஸ்.பி.க்கு இறங்கி, கடைசியில் நீங்கள் யார்மேல் புகார் சொன்னீர்களோ அந்த இன்ஸ்பெக்டர் மேஜைக்கே "விசாரித்து அறிக்கை தரவும்" என்று போய்ச் சேரும். தெருவிளக்குக்கும் பட்டாவுக்கும் உதவும் ஏற்பாட்டில் போலீஸ்மேல் புகாரைப் போடுவது வீண்.

எஸ்.பி. ஆபீஸில் புதன்கிழமை குறைதீர் கூட்டம். வேலூரில் உள்ளவருக்கு இதுவே நடைமுறையில் சிறந்த வழி என்று தயங்காமல் சொல்லலாம். காரணம், உயர் அதிகாரி ஆளைப் பார்க்கிறார், காயத்தைப் பார்க்கிறார், மனுவின் மேலேயே யார் விசாரிப்பது என்று எழுதுகிறார். அந்த எழுத்துதான் முக்கியம். மனுவின் கடைசிப் பத்தியில் நீங்களே கேளுங்கள்: சம்பந்தப்பட்ட உட்கோட்டத்தில் (ஒரு டி.எஸ்.பி.யின் கீழ் வரும் ஸ்டேஷன்களின் எல்லை) இல்லாமல் வேறு உட்கோட்டத்து டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும். வேலூர் உட்கோட்டத்து ஸ்டேஷன் என்றால் காட்பாடியோ குடியாத்தமோ. மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர். நகல், படங்கள், பென் டிரைவ் இணைப்பு. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்குங்கள். சிலர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிறார்கள், அதுவும் எஸ்.பி.க்கே அனுப்பப்படும், ஒரு வாரம் போகும்.

விசாரணைக்குப் பிறகு "அவரை ஆயுதப்படைக்கு மாத்திட்டோம்" என்ற பதில் வந்தால் அதோடு திருப்தியாகி வந்துவிடாதீர்கள். இடமாற்றம் தண்டனை அல்ல. தமிழ்நாடு போலீஸ் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகள் 1955-இன்படி 3(ஏ) சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டு, 3(பி) பெரிய தண்டனைக்கானது. எந்த விதியின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ) கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். நடவடிக்கை நிஜமா என்பது அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

மாவட்டப் போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்று. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்களில் ஒருவர் எஸ்.பி. போலீஸ்மேல் வரும் புகாரை விசாரிக்கும் அமைப்பில் அந்தப் போலீஸின் தலைவரே உட்கார்ந்திருப்பதை ஏற்க முடியவில்லை. இது திருத்தப்பட வேண்டும். அதுவரை இதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

மாநில மனித உரிமை ஆணையம் வேறு தரம். சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது, தபாலிலேயே தமிழில் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள், ஒன்றில் நிலுவையில் இருந்தால் மற்றது எடுக்காது. இங்கே குறுக்கு விசாரணை உண்டு, போலீஸ் தரப்பும் வக்கீல் வைத்து வரும், ஏ.ஆர். வரிக்கு வரி படிக்கப்படும். மெதுவாகத்தான் நகரும். ஆனால் இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு அந்த அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவுகள் இங்கிருந்துதான் வருகின்றன. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது.

எஃப்.ஐ.ஆர். போடவே மறுத்தால் வரிசையைத் தவறவிடாதீர்கள். முதலில் ஸ்டேஷன், பிறகு பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதன் பிறகே சத்துவாச்சாரி கோர்ட்டில், மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடக் கேட்கும் 175(3) மனு. இரண்டாவது படியின் தபால் ரசீது இல்லாமல் போனால் மனு அங்கேயே அடிபடும். பணியில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் செயல் என்றால் 175(4) வரும். மாஜிஸ்திரேட் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்தப் போலீஸ்காரர் சொல்வதையும் கேட்ட பிறகே விசாரணைக்கு உத்தரவிடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர் அதே வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

எல்லை விஷயம் ஒன்று பாக்கி. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காடு, மேல்விஷாரம் பக்கம் நடந்தது ராணிப்பேட்டை எஸ்.பி.க்கும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நடந்தது திருப்பத்தூர் எஸ்.பி.க்கும் போகும். பள்ளிகொண்டா வேலூருக்குள். "எங்க லிமிட் இல்ல" என்று ஸ்டேஷனில் சொன்னால், எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும் என்று 173(1) சொல்வதைக் காட்டுங்கள். எஸ்.பி. மனுவுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, சரியான மாவட்டத்தில்தான் கொடுக்க வேண்டும்.