தனி ஆளா வெல்டிங் பண்றவங்களுக்கு: எந்த மெஷின், எந்த கண்ணாடி

மாடியில செடி வைக்கிற ஸ்டாண்டை நானே வெல்டிங் பண்ணி செஞ்சேன்னு தெரிஞ்சதுல இருந்து நாலஞ்சு பேரு "எந்த மெஷின் வாங்குன, நானும் வாங்கலாம்னு இருக்கேன்"னு கேட்டாச்சு. முகத்துக்கு என்ன மாட்டிக்கிறன்னு ஒருத்தர் கூட கேக்கல. நானும் ஆரம்பத்துல அப்படித்தான், கையில இருந்த பணம் பூரா மெஷினுக்கு போச்சு, மிச்சத்துல 180 ரூபாய்க்கு ஒரு ஹேண்ட் ஸ்கிரீன், அதாவது முகத்துக்கு நேரா கையில பிடிக்கிற கருப்பு கண்ணாடி வச்ச மறைப்பு, வாங்குனேன். அப்புறம் ரெண்டையும் மாத்துனேன். இப்ப இருக்கிறது ஒரு இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்ல, எலக்ட்ரானிக் போர்டுல ஓடுற சின்ன வெல்டிங் மெஷின்), ஒரு ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் (வெல்டிங் வெளிச்சம் பட்டா கண்ணாடி தானா இருண்டுக்கிறது). ரெண்டரை வருஷமா ஞாயித்துக்கிழமை வேலையெல்லாம் இதுலதான் ஓடுது, அதனால இந்த பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன்.

மெஷின் கதைய சீக்கிரம் முடிச்சிடறேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டுல ரிப்பேர் ஆகறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல, காப்பர் சுத்துன செட்டா இருந்தா விக்கும்போது காப்பர் எடைக்கே காசு வந்துடும், என்னுது அப்படித்தான் போச்சு, பெருசா நஷ்டம் இல்ல. ஆனா மாடிக்கு ஏத்த ரெண்டு ஆளு வேணும். பட்டறையில இருக்கிற பெரிய ஆயில் கூல்டு செட்டு நிறைய ரெண்டு ஃபேஸ் 415 வோல்ட்ல ஓடுறது, வீட்டு சிங்கிள் ஃபேஸுக்கு ஆகவே ஆகாது. நான் வாங்குன சின்ன செட்டு சிங்கிள் ஃபேஸ்தான், ஆனாலும் ஆர்க் அடிக்கும்போதெல்லாம் கீழ வீட்டுல லைட்டு மங்கும், எம்சிபி விழும். அதவிட கஷ்டம் கரண்ட் செட்டிங், படிப்படியாத்தான் மாத்த முடியும், 16 கேஜ் ஸ்கொயர் டியூபுக்கு, அதாவது மெல்லிசு சதுர இரும்புக் குழாய்க்கு, ஒரு படி குறைச்சா ராடு (உருகி ஒட்டு போடற வெல்டிங் குச்சி) ஒட்டிக்கும், ஒரு படி ஏத்துனா ஓட்டை விழுந்துடும்.

இன்வெர்ட்டர்ல இந்த தொல்லை இல்ல. ஒரு கையில தூக்கலாம், நாப் திருப்பி 65, 70, 75ன்னு வேணுங்கிற ஆம்பியர்ல நிறுத்தலாம், டிசி ஆர்க்ங்கிறதால சட்டுனு பத்திக்கும், ராடு ஒட்டுனா மெஷினே கரண்டை குறைச்சிடும். பெட்டியில 200 ஆம்ப்னு போட்டிருக்கிறத பார்த்து மட்டும் மயங்க வேணாம். ஆர்க் வோல்டேஜுக்கு ஒரு கணக்கு உண்டு, ஆம்பியரை 0.04ஆல பெருக்கி 20ஐ கூட்டணும். 80 ஆம்பியர்னா 23.2 வோல்ட், பெருக்குனா 1,856 வாட், மெஷின்ல போற லாஸும் சேர்த்தா 2,200 வாட் பக்கம், பவர் ஃபேக்டர் கம்மியா இருந்தா பிளக்ல 13, 14 ஆம்பியர் ஓடும். 16 ஆம்ப் பாயின்ட் தாங்கும். அதே 200 ஆம்பியர்னா 28 வோல்ட், 5,600 வாட், 16 ஆம்ப் பிளக்ல மொத்தமே 3,680 வாட்தான், எங்க இருந்து வரும்? வீட்டு வேலைக்கு அது வேணவும் வேணாம், 12ஆம் நம்பர் ராடு, அதாவது 2.5 எம்எம், 60ல இருந்து 90 ஆம்பியருக்குள்ள முடிஞ்சிடும். மெஷினுக்குன்னு தனி லைன் இழுத்துக்குங்க, எக்ஸ்டென்ஷன் ரீல்னா சுத்து பூரா அவுத்துட்டு போடுங்க, சுத்தி வச்சபடியே ஓட்டுனா சூடேறி உருகிடும். இன்வெர்ட்டருக்கு எதிரி கிரைண்டர் தூசி. உள்ள ஃபேன் இருக்கு, இரும்புப் பொடிய இழுத்து போர்டு மேல போட்டுடும், அப்புறம் ஒரு நாள் டப்புனு ஐஜிபிடி, அதாவது உள்ள கரண்டை ஸ்விட்ச் பண்ற பாகம், போயிடும். கிரைண்டிங் பண்ற எடத்துக்கு பக்கத்துல மெஷினை வைக்காதீங்க, அவ்வளவுதான் பராமரிப்பு.

மிக் மெஷின், அதாவது ராடுக்கு பதிலா சுருள்ல இருந்து ஒயர் தானா வர்ற மெஷின், நல்லதுதான், மெல்லிசு தகட்டுக்கு ஆர்க்கை விட அதுதான் சரி. ஆனா காஸ் மிக்கை மாடியில வச்சு பண்ணா வெல்டை மூடி காக்கற காஸை காத்து அடிச்சிட்டு போயிடும், வெல்டு பூரா குமிழியா வரும். காஸ் இல்லாத ஃபிளக்ஸ் கோர் ஒயர்ல காத்து பிரச்சனை இல்ல, ஆனா ஒயர் விலை ஜாஸ்தி, டார்ச்சை நெகட்டிவ்ல மாத்தி மாட்டணும், மாத்தாம அடிச்சா பொறி ஏகத்துக்கும் பறக்கும். நண்பர் ஒருத்தர் டிங்கரிங் ஷெட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் மிக் பிடிச்சிருக்கேன், அதனால அதப்பத்தி இதுக்கு மேல சொல்லல.

இப்ப கண்ணாடி. நான் இருக்கிறது திருச்சி, திருவெறும்பூர் பக்கம். பெல் (பிஎச்இஎல்) ஃபேக்டரி இருக்கிற ஊரு, வெல்டிங் ஆராய்ச்சிக்குன்னே 1975ல ஒரு இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்ச ஊரு, தெருவுக்கு ஒரு வெல்டர் இருப்பாரு, யாரைக் கேட்டாலும் யோசனை சொல்லுவாங்க. எங்க பக்கத்து வீட்டு மாமா பெல்லுல ஹை பிரஷர் வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவரே "தம்பி, ஹேண்ட் ஸ்கிரீன் போதும், நல்ல கண்ணாடியா பார்த்து போட்டுக்க"ன்னுதான் சொன்னாரு. அவர் சொன்னது தப்பே இல்ல. 11ஆம் நம்பர் பிளாக் கிளாஸ் (நம்பர் ஏற ஏற கருப்பு ஜாஸ்தி), ஐஎஸ் 1179ங்கிற இந்திய தரத்துல வாங்குனா, அதுக்கு பின்னாடி இருக்கிற கண்ணுக்கு விலை ஒசந்த ஹெல்மெட் என்ன பாதுகாப்பு குடுக்குதோ அதே பாதுகாப்புதான். பேட்டரி கிடையாது, சென்சார் கிடையாது, முன்னாடி போடற ஒயிட் கிளாஸ் பொறி பட்டு புள்ளி புள்ளியா ஆனா சில்லறை காசுக்கு வேற மாத்திக்கலாம்.

நம்பர் இல்லாத கருப்பு கண்ணாடியை மட்டும் தொடாதீங்க. அதே மாதிரி ரோட்டோரத்துல கிரில் வேலை பண்றவங்க பலபேரு மாட்டியிருப்பாங்களே ரவுண்டு கருப்பு காகிள்ஸ், அது காஸ் கட்டிங்குக்கு உள்ளது, 5ஆம் நம்பர் ஷேடு, அதாவது அந்த கருப்பு அளவு, ஆர்க்குக்கு பத்தவே பத்தாது, முகத்தையும் மறைக்காது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் பேசவே வேணாம்.

ஆனா மாமா ஒண்ண யோசிக்கல. அவரு வேலை பார்த்த காலம் பூரா பக்கத்துல ஹெல்பர் இருந்தாரு. பைப்பை பிடிக்க ஒரு ஆளு, இவருக்கு ஒரு கையில ராடு பிடிக்கிற ஹோல்டர், இன்னொரு கையில ஸ்கிரீன். மாடியில நான் தனி ஆளு. வலது கையில ஹோல்டர், இடது கையில டியூபை மட்டம் பார்த்து அழுத்திப் பிடிக்கணும், ஸ்கிரீனுக்கு மூணாவது கை எங்க இருக்கு? டேக் போடறது, அதாவது நகராம இருக்க சின்னதா ஒரு வெல்டு பொட்டு வைக்கிறது, ஒரு செகண்ட் வேலைதானேன்னு தோணும், ராடை எடத்துல வச்சு பார்த்துட்டு, முகத்தை திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு டக்குனு ஒரு பொட்டு வைப்போம். கண்ணை மூடறது ஒரு நொடி பிந்தும், திறக்கறது ஒரு நொடி முந்தும். ஒரு செடி ஸ்டாண்டுக்கு நாப்பது டேக் வரும், நாப்பது தடவையும் கொஞ்சம் கொஞ்சமா யூவி (புற ஊதாக் கதிர்) கண்ணுல விழும், அன்னிக்கு பூரா விழுந்தது எல்லாம் கூட்டி ஒரே கணக்காத்தான் கருவிழி எடுத்துக்கும். அந்த நேரத்துல ஒண்ணுமே தெரியாது, அதுதான் இதுல மோசம்.

எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு தெரிஞ்சுது. கண்ணுக்குள்ள ஒரு கைப்பிடி மணலை போட்டு தேய்ச்ச மாதிரி, தொறந்தா தண்ணியா கொட்டுது, ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சம் கூட ஊசி குத்துற மாதிரி இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் பயந்துட்டாங்க. காலையில கண் ஆஸ்பத்திரிக்கு போனா டாக்டர் பார்த்த உடனே கேட்டாரு, "நேத்து வெல்டிங் பக்கத்துல நின்னீங்களா?" கருவிழியோட மேல் தோலு யூவி பட்டு புண்ணாகியிருக்கு, ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சுதான் வலி எடுக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும்னு சொட்டு மருந்து குடுத்தாரு. மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தை யாராவது குடுத்தா வாங்கி வீட்டுல விடாதீங்க, வலி தெரியாது ஆனா புண்ணு ஆறாதுன்னும் சொன்னாரு. தாய்ப்பால் விடு, அதை விடு இதை விடுன்னு அக்கம்பக்கத்துல அன்பாத்தான் சொல்லுவாங்க, ஆனா புண்ணான கண்ணுக்குள்ள எதையும் விடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வழி பார்த்தேன். ஒண்ணு தலையில மாட்டுற சாதா ஹெல்மெட், அதே பிளாக் கிளாஸ், தலையை ஒரு வெட்டு வெட்டுனா கீழ இறங்கும். விலை கம்மி, ரெண்டு கையும் ஃப்ரீ. காசு இடிச்சா ஹேண்ட் ஸ்கிரீனை விட்டுட்டு தாராளமா இதை வாங்கலாம். ஒரே கஷ்டம், தலையை வெட்டுற வேகத்துல ராடு நுனி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துடும், இருட்டுல எங்கயோ போய் பத்தும். பல வருஷம் கை பழகுனவங்களுக்கு அது நகராது, மாசத்துல ரெண்டு ஞாயிறு மட்டும் பண்ற நமக்கு நகரும். நகர்ந்தா மறுபடி எட்டிப் பார்க்கத் தோணும்.

இன்னொண்ணு ஆட்டோ டார்க்கனிங். சும்மா இருக்கும்போது 3 இல்ல 4ஆம் நம்பர் ஷேடு, வெயில்ல நிக்கிற மாதிரி பச்சையா தெளிவா தெரியும், ஆர்க் பத்துன உடனே 9ல இருந்து 13 வரைக்கும் நாம வச்ச நம்பருக்கு இருண்டுடும். 25,000ல ஒரு பங்கு செகண்ட்னு பெட்டியில போட்டிருப்பாங்க. நிறைய பேரு "அந்த நேரத்துக்குள்ள இருட்டாகலன்னா கண்ணு போயிடுமே"ன்னு பயப்படறாங்க, நானும் அதனாலதான் முதல்ல வாங்கல. ஆனா தரமான ஃபில்டர்ல யூவியையும் ஐஆரையும் (அகச்சிவப்புக் கதிர்) தடுக்கற லேயர் எப்பவுமே இருக்கும், பேட்டரி செத்து கண்ணாடி இருட்டாகலன்னா கூட அது தடுத்துக்கிட்டேதான் இருக்கும். அப்ப கண்ணு கூசும், உடனே நிறுத்திடுவோம், ஆனா ராத்திரி மணல் போட்ட வலி வராது. இந்த ஒரு விஷயம் புரிஞ்ச அன்னிக்குத்தான் 1,900 ரூபா குடுத்து வாங்குனேன். இப்ப ஹெல்மெட்டை இறக்கி விட்டுட்டு, ராடு நுனிய கண்ணால பார்த்து வச்சு, இடது கையில டியூபை பிடிச்சுக்கிட்டு டேக் போடறேன். கண்ணை மூடணும்ங்கிற நெனப்பே வர்றதில்ல.

வாங்கும்போது இஎன் 379ன்னு ஐரோப்பிய தர நம்பர் போட்டு பக்கத்துல நாலு நம்பர் இருக்கான்னு பாருங்க, 1/1/1/2 மாதிரி. நாலும் 1ஆ இருந்தா ரொம்ப நல்லது. கடைசி நம்பர் சாய்வா பார்க்கும்போது எவ்வளவு சமமா இருண்டிருக்குங்கிறது, குனிஞ்சு நெளிஞ்சு வெல்டிங் பண்றவங்களுக்கு அது முக்கியம். சென்சார் ரெண்டு இருக்கிறதை விட நாலு இருக்கிறது மேல், ஏன்னா ஸ்டாண்டுக்கு உள்ள தலைய விட்டு பண்ணும்போது ஏதாவது ஒரு பைப்பு சென்சாரை மறைச்சா வெல்டு ஓடும்போதே கண்ணாடி தொறந்துக்கும், என் ரெண்டு சென்சார் ஹெல்மெட்டுல இது நடந்திருக்கு. பேட்டரி கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும், சோலார் மட்டும்னு சொல்லி உள்ள சீல் பண்ண பேட்டரி வச்சிருந்தா அது செத்த அன்னிக்கு மொத்தத்தையும் தூக்கிப் போடணும். கவர் லென்ஸ் சைஸ் கடையில கிடைக்கிற சைஸான்னு முதல்லயே கேட்டுக்குங்க. என்னுதுல பேட்டரி இன்னும் மாத்தல, வெளி கவர் லென்ஸ் மட்டும் மூணு தடவை மாத்துனேன். வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ஹெல்மெட்டை கையில பிடிச்சு சென்சாரை வெயில் பக்கம் காட்டுங்க, கண்ணாடி இருண்டா சரி. கிரைண்டிங் மோடுல வச்சிருந்தா திருப்பி வைக்க மறக்காதீங்க, அந்த மோடுல ஆர்க் அடிச்சா இருட்டாகாது. நான் 12ஆம் நம்பர் ராடுக்கு ஷேடு 10ல வைக்கிறேன், அதைவிட தடிப்பான 10ஆம் நம்பர் ராடு போட்டா 11.

எந்த ஹெல்மெட் வாங்குனாலும் உள்ள ஒரு வெள்ளை சேஃப்டி கிளாஸ் போட்டுக்குங்க, பாலிகார்பனேட்ல, நூறு நூத்தம்பது ரூபாதான். வெல்டு மேல படியற ஸ்லாக் ஓட்டைத் தட்டி எடுக்கும்போது எல்லாரும் ஹெல்மெட்டை தூக்கிட்டுத்தான் தட்டுவாங்க, சூடா ஒரு சில்லு தெறிச்சா நேரா கண்ணுக்குத்தான். கிரைண்டர் தூசியும் அப்படித்தான், இரும்புத்துகள் கருவிழியில குத்தி துரு பிடிச்சா டாக்டர்தான் சுரண்டி எடுக்கணும். பாலிகார்பனேட் யூவியையும் தடுக்கும்ங்கிறதால பின்னாடி இருந்து வர்ற வெளிச்சத்துக்கும் உதவும். எங்க மாடி கைப்பிடிச் சுவரு சுண்ணாம்பு அடிச்ச வெள்ளை, அதுல பட்டு திரும்பி ஹெல்மெட்டுக்கு பின்பக்கமா உள்ள வரும், இப்ப அந்த சுவருக்கு முதுகு காட்டி உக்கார்றதை விட்டுட்டு பழைய தார்பாய் ஒண்ண தொங்கவிட்டிருக்கேன், அது அடுத்த வீட்டு மாடியில விளையாடுற பசங்களுக்கும் மறைப்பு.

அந்த 180 ரூபா ஹேண்ட் ஸ்கிரீனை தூக்கிப் போடல, மாடிப்படி கதவுல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். சாயந்திரம் டீ எடுத்துக்கிட்டு மேல வர்ற என் வீட்டுக்காரம்மா கதவை தொறக்கும் முன்னாடி அதை எடுத்து முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள வருவாங்க.