சார்ஜர் அருமை, அந்தப் பச்சை ஒயர்தான் பிரச்சினை: கேரவன் டிசி-டிசி சார்ஜர் கிட், நீண்டநாள் அனுபவம்

வண்டி ஓடும்போது இன்ஜின் பக்க மின்சாரத்தை எடுத்துக் கேரவனின் இரண்டாவது பேட்டரியை நிறைப்பதுதான் டிசி-டிசி சார்ஜர். அதன் 30 ஆம்பியர் கிட் ஒன்றின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அல்சூரில் மினிபஸ்ஸைக் கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், "இப்பவே வாங்கிடலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். நீண்ட நாளாகப் பயன்பாட்டில் இருக்கும் அதே கிட்தான் இது என்பதால், அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பல பி.எஸ்.6 (புதிய மாசு விதி) வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்பதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த, இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் கம்ப்யூட்டர் அதை இறக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் இரண்டாவது பேட்டரியை வெறும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) வைத்து இணைத்தால் அது முழுதாக நிறையாது. இந்த சார்ஜர் உள்ளே வருவது 12.5 ஆனாலும் 14 ஆனாலும் லித்தியம் பேட்டரிக்கு 14.4 வோல்ட்டைப் பிசகாமல் தருகிறது. ஓசூர் ரோடு நெரிசலில் பானெட் கொதிக்கும்போது ஆம்பியரைத் தானாகக் குறைத்துக்கொள்கிறதே தவிர, ஒருபோதும் நின்றுபோனதில்லை. மின்னணுப் பகுதியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கோபமெல்லாம் கூடவே வரும் ஒயர்களின் மேல்தான். சிவப்பும் கறுப்பும் 16 ஸ்கொயர் எம்.எம். (ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, சுருக்கமாக 'ஸ்கொயர்') தாமிரம், அதில் தவறில்லை. சார்ஜரின் உலோகக் கூட்டை சேசிஸோடு இணைக்கத் தருகிற பச்சை ஒயர் மட்டும் 2.5 ஸ்கொயர். கையேட்டில் இதைப் பற்றி ஒரே வரி: "கூட்டை வாகன உடலோடு இணைக்கவும்." எந்த அளவு ஒயர், எந்த ஃபியூஸுக்கு, எந்த இடத்தில் என்று எதுவும் கிடையாது.

வீட்டு வயரிங் பழக்கத்திலிருந்து வந்த தவறு இது. வீட்டில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் எர்த் போதும், ஏனென்றால் மேலே இருக்கும் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகையானால் தானாக விழும் சுவிட்ச்) 16 ஆம்பியர்தான். இங்கே இருப்பது 60 ஆம்பியர் ஃபியூஸ். நம் நாட்டு எர்த்திங் விதியான ஐ.எஸ். 3043 கூட, மின்னோட்டம் போகும் ஒயர் 16 ஸ்கொயர் வரை இருந்தால் எர்த் ஒயரும் அதே அளவில் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டு விதிப்படி பார்த்தாலும் இந்தப் பச்சை ஒயர் தேறாது.

"12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே" என்பார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. கூட்டின் எர்த் ஒயருக்கு இங்கே இருக்கும் வேலை வேறு. உள்ளே பாசிட்டிவ் எங்காவது கூட்டைத் தொட்டுவிட்டால், ஃபியூஸ் போகும் அளவுக்கு மின்னோட்டத்தைத் தாங்கி, அது போகும்வரை தான் எரியாமல் இருக்க வேண்டும்.

முழு ஷார்ட் என்றால் சில நூறு ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸ் நொடிப்பொழுதில் போய்விடும், 2.5 ஸ்கொயர்கூட அதில் பிழைத்துக்கொள்ளலாம். ஆபத்து அரைகுறை ஷார்ட்டில்தான். தேய்ந்துபோன இன்சுலேஷன், துருப்பிடித்த போல்ட் எல்லாம் சேர்ந்து பாதையில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். பாய்வது சுமார் 120 ஆம்பியர். 60 ஆம்பியர் ஃபியூஸ் அதன் இரண்டு மடங்கில் உடனே போகாது. வகையைப் பொறுத்துப் பல விநாடிகள் எடுத்துக்கொள்ளும். பி.வி.சி. போட்ட 2.5 ஸ்கொயர் தாமிரம் 120 ஆம்பியரில் சில விநாடிகளிலேயே பி.வி.சி. தாங்கும் எல்லையான 160 டிகிரியை எட்டிவிடும். அதே இடத்தில் 16 ஸ்கொயர் இருந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கும். ஃபியூஸ் முந்துமா ஒயர் முந்துமா என்பதுதான் கேள்வி, கேரவனில் அந்த ஒயர் பிளைவுட்டுக்கும் ஃபோமுக்கும் பின்னால் ஓடுகிறது.

இன்னொரு கண்டமும் உண்டு. சில மாடல்களில் சார்ஜரின் நெகட்டிவ் முனை உள்ளேயே கூட்டோடு சேர்ந்திருக்கும். அதில் கறுப்பு ஒயரின் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அதிர்வில் தளர்ந்தால், சார்ஜிங் நிற்காது. முழு மின்னோட்டமும் பச்சை ஒயர் வழியே திரும்பும். திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். எந்த ஃபியூஸும் போகாது, ஏனென்றால் ஃபியூஸின் கணக்கில் எதுவும் மிகையாகவில்லை. 2.5 ஸ்கொயர் ஒயர் மணிக்கணக்கில் 39 ஆம்பியரைச் சுமந்துகொண்டு வெந்துகொண்டிருக்கும்.

அமெரிக்க ஆர்.வி. (கேரவன் வகை வண்டி) விதியில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. அங்கே என்.இ.சி. (தேசிய மின்விதித் தொகுப்பு) 551-வது பிரிவு, கன்வெர்ட்டரின் (வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி) கூட்டை வண்டி ஃபிரேமோடு குறைந்தது 8 கேஜ் தாமிரத்தால் இணைக்கச் சொல்கிறது. அந்த ஒயரில் வழக்கமான மின்னோட்டம் ஓடவும் கூடாது. 8 கேஜ் என்பது 8.4 ஸ்கொயர், நம் கடைக் கணக்கில் அடுத்த அளவு 10 ஸ்கொயர். படகுகளுக்கான ஏ.பி.ஒய்.சி. (அமெரிக்கப் படகுத் தர அமைப்பு) விதி இன்னும் கறார்: டிசி எர்த் ஒயர், பாசிட்டிவ் ஒயரை விட ஒரே ஒரு அளவுதான் சிறியதாக இருக்கலாம். இரண்டையும் வைத்துப் பார்த்தால் இந்த சார்ஜருக்கு 10 ஸ்கொயர் குறைந்தபட்சம். 16 போட்டால் யோசிக்கவே வேண்டாம். 1000 வாட் இன்வெர்ட்டரும் இருந்தால் அது சுமார் 100 ஆம்பியர் இழுக்கும், ஃபியூஸ் 150 ஆம்பியர், பாசிட்டிவ் 35 ஸ்கொயர். அதன் கூட்டுக்கும், ஹவுஸ் பேட்டரியின் (கேரவனின் இரண்டாவது பேட்டரி) நெகட்டிவ் ஒயர்கள் சேரும் பாரிலிருந்து சேசிஸுக்குப் போகும் இணைப்புக்கும் 25 ஸ்கொயருக்குக் கீழே இறங்காதீர்கள்.

மெயின் ஒயரைப் பற்றிச் சுருக்கமாக. வெளியே 30 ஆம்பியர் என்றால் உள்ளே இழுப்பது சுமார் 39. போக வர 10 மீட்டர் என்றால், 6 ஸ்கொயரில் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும், 10-ல் 0.67, 16-ல் 0.42. 6 ஸ்கொயர் போட்டவர்களின் சார்ஜர் அடிக்கடி விட்டுவிட்டு ஓடுவது இதனால்தான். வோல்டேஜ் விழுந்ததும் இன்ஜின் அணைந்துவிட்டது என்று எண்ணி நிற்கும், நின்றதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி ஓடும். இரண்டு பேட்டரிப் பக்கமும் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும்.

நான்கு முனை உள்ள ஐசொலேட்டட் மாடலை (உள்ளே வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் மின் இணைப்பு இல்லாதது) வாங்கினால், ஹவுஸ் பக்க நெகட்டிவை ஒரே ஒரு இடத்தில் சேசிஸோடு சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் பாசிட்டிவ் பாடியைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது, கோளாறு வெளியே தெரியாமலே கிடக்கும். இன்ஜின் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருந்தால், உங்கள் ஒயரை முனையில் மாட்டாமல் சென்சாருக்கு அப்பால் சேசிஸ் பக்கம் மாட்டுங்கள். இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குத் தப்பிவிடும்.

எவ்வளவு தடிமன் போட்டாலும் பெயிண்டின் மேல் முறுக்கினால் அத்தனையும் வீண். எம்8 போல்ட், சுற்றிலும் உலோகம் பளபளக்கும்வரை சுரண்டிய இடம், லக் நேராக அந்த உலோகத்தின் மேல் படிய, வாஷர்களெல்லாம் லக்குக்கு மேலே. முறுக்கிய பிறகு வாஸ்லினோ ஜிங்க் ஸ்பிரேயோ பூசினால் மழைக்காலத்தைத் தாங்கும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். ஈயம் ஊற்றினால் அது இழைகளுக்குள் ஏறி விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும்.

சோதிக்க மல்ட்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். 0.3 ஓம் தடைக்கும் அது பீப் அடிக்கும். 39 ஆம்பியரில் 0.3 ஓம் என்றால் கிட்டத்தட்ட 12 வோல்ட்டும் அங்கேயே தீர்ந்துபோகும். சார்ஜர் முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு முனையை இன்ஜின் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வைத்து (லக்கின் மேல் அல்ல), மறுமுனையைச் சார்ஜரின் இன்புட் நெகட்டிவில் வைத்து வோல்ட் பாருங்கள். 5 மீட்டர் 16 ஸ்கொயருக்கு 0.2 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 0.4 காட்டினால் ஒயரைக் குறை சொல்லாதீர்கள், ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. அதே சோதனையைக் கூட்டிலிருந்து சேசிஸுக்குச் செய்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே மில்லிவோல்ட்டுகள் ஏறினால் எர்த் ஒயரில் மின்னோட்டம் ஓடுகிறது, கறுப்பு ஒயரைப் போய்ப் பாருங்கள்.

பெங்களூரில் இதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. ஒயர்களுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 694 முத்திரையுள்ள மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பச்சை 16 ஸ்கொயர் இரண்டு மீட்டர் போதும். லக்கும் ஹீட் ஷ்ரிங்கும் எஸ்.பி. ரோட்டில். கார் ஆடியோவுக்கு விற்கும் "4 கேஜ்" கிட்களை மட்டும் ஓர் இழையைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம், கடத்தும் திறன் தாமிரத்தைவிடக் குறைவு.

சார்ஜருக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பது. ஆனால் இந்தக் கிட்டை நான் மறுபடி வாங்க மாட்டேன், விலை பாதியானாலும். நெருப்பிலிருந்து காக்க வேண்டிய ஒயரில் காசு மிச்சம் பிடித்தவர்களுக்கு இன்னொரு முறை பணம் கொடுக்க மனம் வரவில்லை. சார்ஜரைத் தனியாக விற்றால் தாராளமாக வாங்குங்கள். ஏற்கெனவே கிட்டைப் பொருத்தியிருப்பவர்கள் பச்சை ஒயரைக் கழற்றும் முன் இரண்டு பேட்டரிகளின் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். பழைய ஒயரின் இன்சுலேஷன் லக் அருகில் கறுத்தோ இறுகியோ இருந்தால், புதியதை மாட்டுவதற்கு முன் கறுப்பு ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி முறுக்குங்கள்.