பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

அப்பாவுக்கு 67 வயது. ரிட்டயர் ஆன பிறகு பெரம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்கு போட்டுத் தருகிறார். அவருடைய லேப்டாப்பில் முப்பது பேருடைய பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருந்தன. அந்த ஹார்ட் டிஸ்க் இன்று யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

2018-ல் வாங்கிய லேப்டாப். ஒரு பி.டி.எஃப். திறக்கவே இரண்டு நிமிஷம் எடுக்க ஆரம்பித்தது. பிறகு உள்ளேயிருந்து 'டிக்… டிக்' என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் மெஷினை அணைத்துவிட்டு, முதலில் டேட்டாவைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். ஓட்ட ஓட்ட டிஸ்க் இன்னும் கெடும். இருபதாம் தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும் என்று நாங்கள் மேலும் நாலு நாள் ஓட்டினோம்.

பிறகு நான்தான் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். அங்கே நல்ல கடைகள் நிறைய உண்டு, பல வருஷமாக வாங்குகிறேன். இது ஒரு சந்துக்குள் மாடியில் இருக்கிற சின்னக் கடை. "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம். புதுசா ஒரு டி.பி. டிஸ்க் போட்டு, ஒரிஜினல் விண்டோஸ் ஏத்தி, டேட்டாவும் எடுத்துக் குடுத்துடறேன்" என்றார். டிஸ்க் 3,800, விண்டோஸ் 1,500, டேட்டா 1,200. மொத்தம் 6,500 ரூபாய். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. (உள்ளே சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடலாமா என்று கேட்டேன். "அது போச்சுன்னா டேட்டாவே எடுக்க முடியாது மேடம், இதான் சேஃப்" என்றார். நம்பிவிட்டேன். சாயங்காலம் வாங்கும்போது பில் கேட்டேன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கைக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலியைத் திறந்தார். ஒரு கடையின் கணக்குகூட இல்லை. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் காப்பி பண்ணியிருக்கிறார்கள். டாலியின் டேட்டா வழக்கமாக 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் இருக்கும், அதை யாரும் தொடவே இல்லை. நல்லவேளை, மார்ச் மாத பேக்கப் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதற்குப் பிறகு போட்ட என்ட்ரிகளை எல்லாம் அப்பா மறுபடி உட்கார்ந்து போட்டார்.

பதினெட்டாம் நாள் அதே 'டிக்… டிக்'.

இந்த முறை பெரம்பூரிலேயே லேப்டாப் சர்வீஸ் செய்கிற ஒரு தம்பியிடம் போனேன். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. 'பவர் ஆன் அவர்ஸ்' என்ற இடத்தில் 21,400. "இது எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு டிஸ்க்கே வெச்சிருக்கிற கணக்குக்கா. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்னாலும் ஏழு வருஷம் ஓடியிருக்கு." டிஸ்க்கைக் கழற்றி, ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் கிள்ளினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மேலே அச்சடித்திருந்த சீரியல் நம்பர் ஒன்று, ஸ்கிரீனில் காட்டியது வேறொன்று.

விண்டோஸும் அப்படியே. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டினார். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டு லேப்டாப்புக்கு எந்த நிறுவனம்? லைசென்ஸ் இல்லாமல் ஏமாற்றி ஆக்டிவேட் பண்ணும் கிராக் போட்ட புரோ வெர்ஷன். அந்த கிராக் ஃபோல்டரை ஸ்கேன் பண்ணாதே என்று விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்குள்ளேயே விலக்கு வேறு கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த மெஷினில்தான் அப்பா பதினெட்டு நாளும் வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்டுகளை அடித்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு ஆறவே இல்லாதது ஒன்று. அந்த 1,500 ரூபாய் கொடுத்திருக்கவே வேண்டாம். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால், 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரும்பாலும் விண்டோஸின் கீ (லைசென்ஸ் எண்) மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். டிஸ்க்கை மாற்றி அதே எடிஷனை ஏற்றினால் இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எங்களுடையது ஹோம் எடிஷன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜி.பி. பென் டிரைவில் இறக்கி, புது எஸ்.எஸ்.டி.யில் தம்பி ஏற்றினார். கீ எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்குப் போனேன். "நீங்க குடுத்த ரேட்டுக்கு ரீஃபர்பிஷ்டுதான் மேடம் வரும்." சீட்டில் 'நியூ' என்று அவர் கையெழுத்திலேயே இருப்பதைக் காட்டினேன். பேசாமல் இருந்தார். பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் ஸ்கிராப்ல போயிடுச்சு."

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். சீட்டும் ஜி பே ரசீதும் கையில் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் போகப் போகிறேன். புகார் போன பிறகு கடைக்காரர் 2,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். டிஸ்க் வரவில்லை.

டிஸ்க் மாற்றக் கொடுப்பவர்கள் முடிந்தால் பக்கத்திலேயே இருந்து மாற்றச் சொல்லுங்கள். மெஷினை வாங்கும் முன், காசு கொடுக்கும் முன், அந்த 'பவர் ஆன் அவர்ஸ்' எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். புது டிஸ்க் என்றால் சில மணி நேரத்துக்கு மேல் இருக்காது. பழையது செத்தே போயிருந்தாலும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நமக்குத் திறக்காத டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"அடுத்தவங்க நம்பிக் குடுத்த காயிதம்மா அது" என்று அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இப்போது ஒரு நோட்டில் முப்பது பேரையும் எழுதி வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரே போன் பண்ணி நடந்ததைச் சொல்கிறார். போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார், ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணச் சொல்கிறார், தெரியாதவர்களுக்கு நேரில் போய்ச் செய்துகொடுக்கிறார். நேற்று வரை பதினாலு பேர் முடிந்திருக்கிறது.